மீதிப் பாதி

8 ஜூலை, செவ்வாய்

காலைல இருந்து தூறல். நின்னு பெய்யவும் இல்ல, விடவும் இல்ல. மாடில போட்ட துணி திரும்ப உள்ள வந்து, ஃபேனுக்குக் கீழ.

இன்னைக்கு வேலை:
ஆக்சிஜன் சிலிண்டர் கடைக்கு மறுபடி போன். காலி சிலிண்டர் இன்னும் பெட்ரூம்லயே நிக்குது. "நாளைக்கு சார்." தினமும் நாளைக்கு.
சனிக்கிழமை முப்பதாம் நாள் பூசை. ஃபாதர்கிட்ட பேரு சொல்லணும். பிலோமினா மேரி. பூசைல முழுப்பேரா வாசிப்பாங்க. நான் முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. பிலோ.
பீடத்து லைட் ஃப்யூஸ்.
சாப்பிடணும்.

ஆபீஸ்ல கன்னடம், மெயில்ல இங்கிலீஷ். தமிழ் வீட்ல அவகூட மட்டும்தான். அதான் இதைத் தமிழ்ல எழுதுறேன். எழுத்து கோணல்மாணலா வருது. வரட்டும், யார் பாக்கப் போறா.

அத்தை இன்னும் ஊருக்குப் போகல. பிலோவோட அம்மா. ஹனூர் பக்கம். ஆஸ்பத்திரில இனி ஒண்ணும் இல்லன்னு பிலோவை வீட்டுக்கு அனுப்புனப்ப வந்தவங்க, முப்பது முடியட்டும்னு இருக்காங்க. அவங்க சமையல்ல இருக்காங்க, நான் ஹால்ல. நான் கிச்சனுக்குப் போனா அவங்க ஹாலுக்கு. சண்டை எல்லாம் இல்ல. மூஞ்சி பாத்தா ரெண்டு பேருக்கும் அவதான் தெரியறா.

மதியம் ராகி முத்தே, அதான் களி உருண்டை, கீரைச் சாறு. உப்பு இருந்துச்சா இல்லையான்னு தெரியல. அத்தை கேட்டாங்க. "நல்லா இருக்கு அத்தை."

சாயங்காலம் பல்பு மாத்த ஏறினேன். ஹால்ல இருதய ஆண்டவர் படம், அதுக்குக் கீழ சின்ன சிவப்பு பல்பு. படத்தை நகத்தினப்ப பின்னாடி கை எதுலயோ பட்டுச்சு. வெள்ளைத் துணி, மடிச்சு. உள்ள சிமிழ்.

எங்க கோயில் கன்னியாஸ்திரி, சிஸ்டர் ஆக்னஸோட சிமிழ். கோயில்ல இருந்து படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு நன்மை, அதான் மந்திரிச்ச அப்பம், கொண்டு வர்ற வட்ட டப்பா, தங்க முலாம், உள்ளங்கைல அடங்கும். பிலோ போன அன்னைக்கு அவளுக்குக் குடுக்கக் கொண்டு வந்தது. அப்புறம் ஆம்புலன்ஸ், ஓட்டம், சிஸ்டரும் கூடவே ஏறிட்டாங்க. டேபிள்ல இருந்ததை யாரோ எடுத்து படத்துக்குப் பின்னாடி வச்சிருக்கணும். யாருக்கும் ஞாபகம் இல்ல.

தொறந்தேன்.

பாதி இருக்கு. சிஸ்டர் அப்பத்தை ரெண்டா ஒடைச்சு ஒரு பாதியை அவ நாக்குல வச்சாங்க. இது மத்த பாதி.

ஃபேக்டரில ஷாஃப்ட் ஒடைஞ்சா ரெண்டு துண்டையும் கொண்டு வரச் சொல்லுவோம். ஒடைஞ்ச முகம் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தும், வேற எதோடயும் பொருந்தாது. இந்த ஓரம் நேரா இல்ல, நடுவுல லேசா ஒரு வளைவு. இதே வளைவு அவளுக்குள்ள போயிருக்கு. மண்ணுக்குள்ளயும் போயிருக்கு.

மூடிட்டேன். இருந்த இடத்துலயே வச்சுட்டேன். பல்பு மாத்தினேன்.

அத்தை வந்து பாத்தாங்க. "எரியுதுங்களா மாப்ள? அப்பாடி. இருட்டுல இருக்குதேன்னு எனக்கு மனசே சரியில்லீங்."

படத்தைச் சொல்றாங்க போல.


9 ஜூலை, புதன்

தூறல். மைசூர்ல இருந்து வேலைக்குப் போற நஞ்சன்கூடு ட்ரெயின்ல ஜன்னல் மூட வராது, வலது தோள் நனைஞ்சுது. பரவால்ல.

கேலிபரேஷன் ரூம்ல பிரஷர் கேஜ் ஒரு ட்ரே நிறைய. எது சரி, எது தப்பு, எது எவ்வளவு தப்பு. நாள் பூரா அது மட்டும். நல்ல வேலை. தப்புன்னா ஸ்டிக்கர் ஒட்டி ஓரமா வச்சுரலாம்.

மத்தியானம் மகாதேவ் டிஃபனோட வந்து எதிர்ல உக்காந்தான். என் டிபார்ட்மெண்ட், என் வயசு, நஞ்சன்கூடுக்காரன், லிங்காயத்து. பேச்சு எல்லாம் கன்னடம், எல்லாரையும் 'குரு'ம்பான்.

"ஊட்டா மாடோ குரு, சாப்பிடு. டப்பாவை முறைச்சா வயிறு ரொம்பாது."

"பசிக்கல."

"பசிக்கறவன்தான் சாப்பிடணும்னா இந்தக் கேன்டீனை என்னைக்கோ மூடியிருப்பாங்க."

சிரிச்சேன்னு நெனைக்கிறேன். மூஞ்சி அசைஞ்சுது. அப்புறம் என்னமோ தோணி அவன்கிட்ட கேட்டேன்: உங்க லிங்கம் கழுத்துல கட்டியிருக்கீங்களே, எப்பவாவது கீழ விழுந்தா, தொலைஞ்சா என்ன பண்ணுவீங்க?

சட்டைக்கு மேலயே தொட்டுப் பாத்துக்கிட்டான், இருக்கான்னு. "எங்கப்பா காலத்துல தொலைஞ்சா சாப்பிட மாட்டாங்களாம், கிடைக்கற வரைக்கும். ஏன் கேக்கற?"

"சும்மா."

"நீங்க பரவால்ல குரு. நாங்க சாமியைக் கட்டிட்டுத் திரியறோம். நீங்க சாப்பிட்டே முடிச்சுர்றீங்க. தொலையற பேச்சே இல்ல."

அவனுக்கு அது ஜோக். நான் கை கழுவப் போற மாதிரி எழுந்து போய் வாஷ்பேசின்ல நின்னேன். குழாய் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

சாப்பிட்டே முடிச்சுர்றீங்க.

ஸ்டோர்ல இருந்து சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு எடுத்துட்டு வந்தேன். ஈரம் இழுக்கற உருண்டைங்க. காய்ஞ்சிருந்தா நீலம், ஈரம் ஏறினா ரோஸ். இந்த மழைல பிஸ்கட்டே ஒரு நாள் தாங்க மாட்டேங்குது. அதுல பூஞ்சை புடிச்சுட்டா? பிலோவே சொல்லியிருக்கா, ஒரு தடவை ஞாயித்துக்கிழமை வகுப்புக்குத் தயார் பண்ணும்போது: அப்பம் அப்பமா இருக்கற வரைக்கும்தான் ஆண்டவர் அதுல. கெட்டுப் போனா, கரைஞ்சு போனா, அப்புறம் இல்ல. அப்ப நான் கேட்டேன், அவ்வளவு லேசா போயிருவாரான்னு. தலைல குட்டினா.

அத்தை கடைக்குப் போயிருந்தாங்க. பிலோ டூட்டிக்கு எடுத்துட்டுப் போற டிஃபன் டப்பா, காத்துப் புகாத மூடி. அதுக்குள்ள துணியோட சிமிழ், பக்கத்துல ஜெல் பாக்கெட். டப்பாவைப் படத்துக்குப் பின்னாடி வச்சேன். பாக்கெட்ல எழுதியிருந்ததை அப்புறம்தான் படிச்சேன். பெருசா. டு நாட் ஈட்.

வச்சு முடிக்கறதுக்கும் சிஸ்டர் ஆக்னஸ் போன் பண்றதுக்கும் சரியா இருந்துச்சு.

"ராஜ், எப்படிப்பா இருக்க? சாப்பிட்டியா? சரி, ஒண்ணு கேக்கணும். சிமிழ் உங்க வீட்ல இருக்கா? அன்னைக்கு கோயில்பிள்ளை வந்து எடுத்துட்டுப் போயிட்டார்னே நெனச்சுட்டு இருந்தேன். இன்னைக்குக் கேட்டா அவர் நீங்கதானே சிஸ்டர் வச்சிருக்கீங்கங்கறார். அதுல பாதி இருக்கு ராஜ்."

"பாக்கறேன் சிஸ்டர்."

"பாருப்பா. சீக்கிரம் பாரு. அது வச்சிருக்கறதுக்கு இல்ல."

பாக்கறேன்னுதான் சொன்னேன். இல்லன்னு சொல்லல.


10 ஜூலை, வியாழன்

மழை இல்ல. மேகம் மட்டும். ஜெல் நீலம்.

ஃபேக்டரில ஒண்ணு ஃபெயில் ஆச்சுன்னா காரணம் கண்டுபிடிக்காம ஃபைலை மூட விட மாட்டேன். ஏன், ஏன், ஏன்னு கேட்டுட்டே போகணும், அடி வரைக்கும். இதுக்கு மட்டும் நான் கேக்கல. இன்னைக்கு எழுதிடறேன்.

அவ போன அன்னைக்குக் காலை. பிலோ ராத்திரி முழுக்கத் தூங்கல. மூச்சு மேலாப்புல. சிஸ்டர் வந்தாங்க. நன்மை வேணும்னு பிலோதான் கேட்டிருந்தா. ஜெபம். சிஸ்டர் அப்பத்தை ஒடைச்சாங்க. அந்த நேரம் பாத்து ரெகுலேட்டர்ல இருந்து உஸ்ஸ்னு சத்தம். வாஷர் போயிருக்கு. நான் ஸ்பேனரை எடுத்துட்டு சிலிண்டர்கிட்ட குனிஞ்சேன். என் முதுகு கட்டில் பக்கம்.

என் முதுகு.

பின்னாடி சிஸ்டர் குரல்: "கிறிஸ்துவின் திருவுடல்." பிலோ குரல்: ஆமென். காத்து மாதிரி. அப்புறம் சிஸ்டர், "வாய் காஞ்சிருக்கு, ஸ்பூன்ல தண்ணி கொண்டாறேன்"னு கிச்சன் பக்கம். அப்புறம் இருமல் மாதிரி ஒண்ணு. நான் வாஷர் மாத்திட்டுத் திரும்பினேன். மூச்சு வேற மாதிரி இருந்துச்சு. அத்தை அவ தலையைத் தாங்கிப் புடிச்சிருந்தாங்க. ஆம்புலன்ஸ். வழியிலயே.

டாக்டர் சொன்னார், கேன்சர் நுரையீரல் வரைக்கும் போயிடுச்சு, நீர் கோத்துக்கிச்சு, இது எதிர்பாத்ததுதான். நான் தலையாட்டினேன். அந்தப் பாதியைப் பத்திக் கேக்கல.

காஞ்ச வாய். காஞ்ச அப்பம். முழுங்க முடியாத தொண்டை.

அடைச்சுருச்சா.

எழுதியாச்சு. இதுதான். வேற எதுவும் இல்ல எனக்குள்ள. பத்து நாள் இருந்திருப்பாளோ, ஒரு நாளோ, அன்னைக்கு ராத்திரி வரைக்கும் மட்டுமோ. அந்த ஒரு நாளை அது எடுத்துக்கிச்சா. அவ கேட்டு வாங்கின அது.

கேட்டா பதில் வந்துரும். அதான் யாரையும் கேக்கல.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன், பேரு சொல்ல. கன்னடப் பூசைக்கு முன்னாடி ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேட்டுட்டு இருந்தார். என்னைவிடச் சின்னவர். சளி, கைல கர்ச்சீஃப். கால் தானாப் போய் முழங்கால் போட்டுச்சு.

பூசைக்கு வரலன்னு சொன்னேன். ஜெபம் பண்ணலன்னு சொன்னேன்.

"ஆண்டவர் மேல கோவமா?"

"பயம் ஃபாதர்."

எதுக்குன்னு கேட்டார். சொல்ல வரல. மூக்கை உறிஞ்சிக்கிட்டார். "கோவமோ பயமோ, பந்திக்கு வாங்க. கோவிச்சுக்கிட்டே தட்டு முன்னாடி உக்கார்ற பிள்ளைங்க எல்லார் வீட்லயும் உண்டு." மன்னிப்பு மந்திரம் கன்னடத்துல சொன்னார். எழுந்தேன்.

நன்மைக்கு வரிசை. நின்னேன். என் முன்னாடி ஒரு பொண்ணு, ரெட்டைச் சடை, இந்த மே மாசம் முதல் நன்மை எடுத்தவ. பிலோ வகுப்பு. எனக்குத் தெரியும், வீட்ல பிலோ அந்த வகுப்பை என்னை வச்சுத்தான் ஒத்திகை பாப்பா. என்னைச் சோபால உக்கார வச்சுட்டு மிஸ் ஆயிடுவா.

"இடது கை மேல, வலது கை கீழ. ராஜா வந்து உக்கார்ற நாற்காலி. புரிஞ்சுதா?"
"மெல்லலாமா மிஸ்?"
"மெல்லலாம். பபிள்கம் இல்ல, ஞாபகம் வச்சுக்கோ."
"முழுங்கினதும் என்ன ஆகும் மிஸ்?"
"இட்லி சாப்பிட்டா இட்லி நீயா மாறிடும். இதுல உல்டா. சாப்பிட்ட நீ அதுவா மாறணும்."
"அப்ப பக்கத்துல சாப்பிட்டவன்?"
"அவனும் அதுவாதான் மாறுவான். அதனால வெளிய போய் அவனை அடிக்கக்கூடாது. உன்னையே அடிச்ச மாதிரி."

கோயில்ல பசங்களுக்கு மந்திரிக்காத வெறும் அப்பத்தை வச்சுப் பழக்குவா. கரையற வரைக்கும் பேசக்கூடாது. கரைஞ்சதும் ஒவ்வொருத்தனும் வாயத் தொறந்து காட்டி, 'கரைஞ்சுடுச்சு மிஸ்'னு சொல்லணும். வரிசையா வாய். டென்டிஸ்ட் மாதிரி எட்டிப் பாப்பா.

அந்தப் பொண்ணு கை நீட்டுச்சு. இடது கை மேல, வலது கை கீழ.

நான் வரிசைல இருந்து விலகிட்டேன். பக்கத்துத் தூண் வழியா வெளிய. பின்னாடி ஒரு ஆள் கன்னடத்துல, "பாவம், பிலோ மிஸ் வீட்டுக்காரர்." அவர் பாவம்னு சொன்னதுல ஒண்ணும் தப்பு இல்ல. எதையாவது அடிக்கணும் போல இருந்துச்சு. ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணேன்.

பேரு சொல்ல மறந்துட்டேன்.


11 ஜூலை, வெள்ளி

லீவு. ஆஷாட வெள்ளி, நம்ம ஆடி வெள்ளி மாதிரி, மலைக் கோயிலுக்குக் கூட்டம், பஸ் எல்லாம் சுத்தி விட்டுட்டாங்க, எப்படியும் லேட் ஆகும்னு எனக்கு நானே ஒரு காரணம்.

அத்தைக்கு முழங்கால் வலி போல. ஹால்ல குறுக்கப் போகும்போதெல்லாம் பீடத்துக்கிட்ட வந்ததும் செவுத்தப் புடிச்சு ஒரு கால் மடங்குது. கொஞ்ச நாளாவே பாக்கறேன். மெடிக்கல்ல ஆயின்மெண்ட் வாங்கிட்டு வந்து குடுத்தேன்.

"எதுக்குங்க மாப்ள இது?"
"கால் வலிக்கு."
"எனக்குக் காலு நல்லாத்தானுங் இருக்குது."
வாங்கி வச்சுக்கிட்டாங்க.

மத்தியானம் வெளிச்சமா இருந்துச்சுன்னு பீடத்து லைட்டை ஆஃப் பண்ணினேன். கிச்சன்ல இருந்து ஓடி வந்தாங்க. அந்த வேகத்துல அவங்களை நான் பாத்ததே இல்ல.

"அமத்தாதீங்கோ! யாரு அமத்துனது?"
"பகல்தானே அத்தை."
"பகலாச்சு, ராவாச்சு. எரியட்டும்ங்."
"ஒரு பல்பு. அணைஞ்சா என்ன? அவ போயிட்டா, இனி எது எரிஞ்சா என்ன, அணைஞ்சா என்ன?"

சத்தமாக் கத்திட்டேன். ஜன்னலுக்கு வெளிய எதிர்வீட்டு ரிடையர்டு மாஷ்டர் செடிக்குத் தண்ணி விட்டுட்டு இருந்தவர் நிமிந்து பாத்தார். அத்தை சுவிட்சைப் போட்டாங்க. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கிட்டு அங்கயே நின்னாங்க.

கொஞ்சம் கழிச்சு, திரும்பாமலே: "நாளைக்கிப் பூசைல நன்மை எடுப்பீங்கதானுங்க?"
"இல்ல."
"அவளுக்காகங்க."
"அவளுக்காகத்தான் இல்ல."

அவங்க மார்க்கெட்டுக்குப் போனதும் டப்பாவை எடுத்தேன். கிச்சன் சிங்க். குழாயைத் தொறந்தேன். சிமிழை அதுக்குக் கீழ கொண்டு போனா போதும். தண்ணில கரைஞ்சா அப்புறம் ஒண்ணும் இல்ல. அந்த வளைவு இல்ல. அன்னைக்குக் காலை இல்ல. அவ போனதுக்கு இது சாட்சியா, இதுதான் செஞ்சுதா, ரெண்டும் வேணாம் எனக்கு. போ.

கை போகல. தண்ணி ஓடிட்டே இருந்துச்சு, சிமிழ் நனையாம என் கைல. அவகிட்ட இருந்து மிச்சம் இருக்கறது என்ன? நைட்டி, ஐடி கார்டு, சீப்புல முடி. அதெல்லாம் அவளோடது, அவ இல்ல. இது வேற. அவ கடைசியா எதுக்கு ஆமென் சொன்னாளோ அதுல பாதி. இதைத் தின்னா முடிஞ்சுடும். தின்னாம வச்சா ஒரு நாள் பூஞ்சை. கொடுத்துட்டா யாரோ கரைச்சு மண்ணுல ஊத்துவாங்க. எந்தப் பக்கம் போனாலும் முடியுது. எல்லாப் பக்கமும் செவுரு.

தரையிலயே உக்காந்துட்டேன். சிஸ்டருக்குப் போன் பண்ணேன்.

"சிமிழ் என்கிட்ட இருக்கு சிஸ்டர். செவ்வாய்க்கிழமையே பாத்துட்டேன்."
"சரி. சரிப்பா. ஆண்டவரே... சரி, நல்லது."
"ஒண்ணு கேக்கணும்."
"கேளு."
"தொண்டைல அடைச்சுதா?"

அந்தப் பக்கம் கதவு சாத்தற சத்தம். அப்புறம் கிட்டத்துல குரல்.

"ராஜ், நான் நர்ஸ் வேலை பாத்தவ. உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். அவ நிலைமைக்கு அன்னைக்கு மூச்சு நிக்கறது எதிர்பாத்ததுதான். ஆனா நீ கேக்கறது அது இல்ல. எனக்குத் தெரியல. நான் ஸ்பூன் எடுக்கப் போயிட்டேன். முழு அப்பத்துல ஒரு பொட்டு கிள்ளித் தண்ணியோட குடுத்திருந்தாப் போதும், திருச்சபைச் சட்டமும் அதுக்கு இடம் குடுக்குது. அவ பாதி வேணும்னு கேட்டா, குடுத்தேன். அதுல இருந்து நானும் தினம் இதையே கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அழுதாங்களா தெரியல. குரல் அப்படியேதான் இருந்துச்சு.

"நாளைக்குக் காலைல வர்றேன்"னாங்க.

அப்ப எனக்கும் தெரியாது, சிஸ்டருக்கும் தெரியாது. அந்த நேரத்துல கட்டில்கிட்ட இருந்தது ஒரே ஆள்தான். அத்தை. நான் போய்க் கேக்கவா? உங்க பொண்ணு உங்க கைல எப்படி மூச்சு நின்னுச்சுன்னு? எந்த மூஞ்சி வச்சுக்கிட்டு?

ராத்திரிச் சாப்பாடு ரெண்டு பேரும் சாப்பிடல. காரணம் யாரும் சொல்லல.


12 ஜூலை, சனி

வெயில். மைசூர்ல வெயில் வந்தா இப்படித்தான், ஒண்ணுமே நடக்காத மாதிரி.

இதை மத்தியானம் எழுதறேன். பூசை சாயங்காலம், பேரை இனிமேதான் சொல்லணும். நடந்ததை நடந்தபடி எழுதணும்.

காலைல காபி இல்ல. அத்தை அடுப்பே பத்த வைக்கல. "ஏதாச்சும் குடிச்சீங்களா மாப்ள?" "இல்ல." "நல்லதாப் போச்சு." நன்மைக்கு முன்னாடி வெறும் வயிறா இருக்கணும், அது முறை.

சிஸ்டர் ஸ்கூட்டில வந்தாங்க, ஹெல்மெட்டைக் கழட்டி ஷூ ஸ்டாண்டு மேல வச்சாங்க. ஹாலுக்குள்ள கால் வச்சதும் படத்தைப் பாத்து ஒரு முழங்காலை மடக்கி எந்திரிச்சாங்க. செவுத்தப் புடிச்சுக்கிட்டு. அத்தை மாதிரியே.

அப்பத்தான் விளங்குச்சு. கோயில்ல நற்கருணைப் பேழைக்கு, நன்மையை வச்சுப் பூட்டற பெட்டிக்கு, முன்னாடி எல்லாரும் முழங்கால் போடறது. அணையா விளக்கு. முக்காடு.

"அத்தை. உங்களுக்குத் தெரியுமா?"

"நாந்தானுங்களே எடுத்து வச்சேன்."

"அப்ப ஏன்..."

"சாவு வூட்டுல நூறு பேரு வந்து போறாங்க, மேசை மேல வுட முடியுங்களா? அப்புறம் ஆருகிட்ட சொல்றது? உங்க மூஞ்சி சொல்லும்படியாவா இருந்துச்சு? சாமி வூட்டுல இருக்காருன்னு நானே பாத்துக்கிட்டேன். டிபன் டப்பாவுல வச்சீங்க. செரி, அவளுது தானேன்னு வுட்டுட்டேன்."

சிஸ்டர் டப்பாவைத் தொறந்தாங்க. ஜெல் பாக்கெட்டை எடுத்து வெளிச்சத்துல காட்டிப் படிச்சாங்க. "டு நாட் ஈட். ஏன் மாராயா, ஆண்டவருக்கே போர்டு மாட்டிட்டியா?" சிரிச்சாங்க. சிரிப்பு பாதில ஒடைஞ்சு வேற என்னமோ ஆச்சு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாங்க.

சிமிழை டேபிள்ல வெள்ளைத் துணி மேல வச்சாங்க. என்னைப் பாத்தாங்க. அத்தைகிட்ட நான் கேக்க மாட்டேன்னு தெரிஞ்சு, அவங்களும் கேக்க முடியாம நின்னாங்க.

கேட்டேன். எப்படிக் கேட்டேன்னு தெரியல. "அத்தை, அன்னைக்கு அவ அதை முழுங்கினாளா? இல்ல அது..."

மிச்சத்தை அவங்க சொல்ல விடல.

"அதையா மாப்ள இத்தன நாளா உள்ளுக்குள்ள வச்சிருந்தீங்க?" கிட்ட வந்தாங்க. என் கையை எப்பவும் தொட்டதில்ல. தொட்டாங்க. "என்ற புள்ள தலை இந்தக் கையிலதானுங்க இருந்துச்சு. மேல அண்ணத்துல ஒட்டிக்கிச்சு, நாக்கால தள்ளித் தள்ளிப் பாத்தா. நானும் பதறிட்டேனுங். விரலு வுட்டு எடுத்துரட்டா கண்ணுன்னு கேட்டேன். வேண்டாம்னு தலையாட்டுனா. கொஞ்சம் பொறுத்து வாயத் தொறந்து காட்டுனா, நல்லா, பெருசா. பொடி கூட இல்லீங். 'கரைஞ்சுடுச்சும்மா'ன்னா. சிரிச்சா. நீங்க அக்கட்டால ஸ்பேனரு போட்டுட்டு இருந்தீங்க. அதுக்கப்புறம் தானுங்க மூச்சு இழுத்துச்சு. அதுக்கப்புறம்."

கரைஞ்சுடுச்சும்மா.

சிஸ்டர் சேர்ல உக்காந்துட்டாங்க.

நான் எங்க நின்னேன்னு தெரியல. நான் நெனச்சது அந்தக் காலையோட கடைசிச் சத்தம் இருமல்னு. அதுக்கு முன்னாடி ஒரு சத்தம் இருந்திருக்கு. ஒரு வார்த்தை. சோபால உக்காந்து எத்தனை தடவை நானே அவகிட்ட வாயத் தொறந்து சொன்ன வார்த்தை. ரெகுலேட்டர் சத்தத்துல எனக்குக் கேக்கல. நான் வாஷரைப் பாத்துட்டு இருந்தேன்.

பூசைக்கு முன்னாடியே இதை முடிச்சுரலாம், இனி வைக்க வேணாம்னாங்க சிஸ்டர். "யாருக்கு?"ன்னு கேட்டாங்க. அத்தை என்னைக் காட்டினாங்க. நான் அத்தையைக் காட்டினேன். சிஸ்டர் பாதியை எடுத்து ரெண்டா ஒடைச்சாங்க.

டக்.

அவ்வளவு காஞ்சிருந்துச்சு. ஈரம் ஒரு பொட்டு இல்ல. கோயில்ல, கூட்டத்துல, பாட்டு சத்தத்துல அந்தச் சத்தம் நான் கேட்டதே இல்ல. ஹால் முழுக்கக் கேட்டுச்சு. எனக்குள்ள எங்கயோ பட்டுது.

அத்தை நாக்கை நீட்டி வாங்கினாங்க, பழைய வழக்கம். நான் கை நீட்டினேன். இடது கை மேல, வலது கை கீழ. "கிறிஸ்துவின் திருவுடல்." ஆமென் சொன்னேன். காத்து மாதிரிதான் வந்துச்சு.

உள்ளங்கைல கால் வட்டம். ஒடைஞ்ச ஓரம் ரெண்டு. ஒண்ணு இப்ப ஒடைஞ்சது, அத்தை வாய்ல இருக்கற துண்டோட பொருந்தும். இன்னொண்ணுல அந்த லேசான வளைவு. அது பிலோவோட. பாத்தேன். ரொம்ப நேரம் பாத்திருப்பேன். சிஸ்டர் மெதுவா, "ராஜ், வச்சிருக்கறதுக்கு இல்லப்பா."

வாய்ல போட்டேன்.

ஒட்டிக்கிச்சு. மேல அண்ணத்துல, அவளுக்கு ஒட்டின அதே இடம். வாய்ல எச்சில் இல்ல. தொண்டை மூடிக்கிச்சு. பயம் வந்துச்சு, நிஜமான பயம், இப்ப மூச்சு நிக்கும்னு. நின்னா நிக்கட்டும்னும் இருந்துச்சு. சிஸ்டர் சிமிழ்ல தண்ணி ஊத்தித் தூளைக் கலக்கி அவங்க குடிச்சாங்க. எனக்குத் தண்ணி வேணுமான்னு ஜாடைல கேட்டாங்க. வேண்டாம்னு தலையாட்டினேன்.

நாக்கால தள்ளினேன். தள்ளித் தள்ளி. அவ இப்படித்தான். கண்ணுல இருந்து தண்ணி வந்துட்டே இருந்துச்சு, முப்பது நாளா வராதது, மூஞ்சி பூரா, வாய்க்குள்ளயும் உப்புக் கரிச்சுது. உப்பு தெரிஞ்சுது. அந்த உப்புலதான் அது இளகுச்சு.

அத்தை என் முன்னாடி வந்து நின்னாங்க. என் மூஞ்சியவே பாத்துட்டு. ஒண்ணும் கேக்கல. எதுக்கு நிக்கறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது.

வாயத் தொறந்து காட்டினேன்.